ஸ்ட்ரைக்ரேட்டார்

சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விளையாட்டு என்றால் காற்பந்துதான். கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டவர்கள் சொற்பம். ஆனாலும் மட்டை பிடித்தவனை விசாரித்துத் தண்டனை கொடுக்க மாமாக் கடைக்கு ஒருவராவது இருக்கிறார். எங்கள் கடையில் இருப்பவருக்கு ஸ்ட்ரைக்ரேட்டார் என்று பெயர்.

ஐபிஎல் சீசனில் ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம். ஒன்பதே முக்காலுக்கே வந்து திரைக்கு நேர் எதிர் மேசையைப் பிடித்துவிடுவார். "தே தாரிக், கூராங் மானிஸ்" என்று குரல் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து கிளாஸ் பக்கத்தில் வைப்பார். மற்றவர்கள் ஆட்டம் பார்ப்பார்கள், இவர் நூறு பந்துக்கு எத்தனை ரன் என்று வகுத்தல் கணக்குப் பார்ப்பார். இருபது பந்தில் ஒருவன் பதினெட்டு ரன் எடுத்தானோ இல்லையோ, நாற்காலி கிறீச்சென்று பின்னால் போகும். "தொண்ணூறு! வெறும் தொண்ணூறு! டீமுக்கா ஆடுறான்? தன் பேருக்கு ஆடுறான்யா!"

2024 ஏப்ரல் 6 அவருக்குப் பொன்னாள். ஜெய்ப்பூரில் கோலி 67 பந்தில் சதம் அடித்தார். ஐபிஎல்லில் அதைவிட மெதுவான சதம் கிடையாது. பட்லர் 58 பந்தில் சதம் போட்டு ராஜஸ்தானை ஜெயிக்க வைத்தார். அந்த மாதம் முழுக்க ஸ்ட்ரைக்ரேட்டாருக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசியில் ஹைதராபாத்துக்கு எதிராகக் கோலிக்கு 43 பந்தில் 51 வந்தது. கவாஸ்கரும் வர்ணனையில் குறை சொன்னார். "கேட்டுக்கோ, கவாஸ்கரே சொல்லிட்டாரு!"

செனவாங் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கம் வராமல் வந்து உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் போனை நீட்டினான். "அங்கிள், 1975 உலகக் கோப்பை, லார்ட்ஸ். இங்கிலாந்து 334. நம்ம கவாஸ்கர் 60 ஓவரும் நின்னு 36 நாட் அவுட். 174 பந்து. கால்குலேட்டர்ல போடுங்க லா."

போட்டார். 20.69 என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இது கொள்கைடா. அது வேற, இது வேற."

உள்ளே நின்றால்தானே சுயநலம், வெளியே போனால் மெச்சுவாரா என்றால் அதுவும் இல்லை. 2022இல் நம்ம அஸ்வின் 23 பந்தில் 28 எடுத்திருந்தபோது, அடிக்கிறவன் வரட்டும் என்று தானாகவே வெளியேறினார். ஐபிஎல்லில் அப்படிப் போன முதல் ஆள். ராஜஸ்தான் மூன்று ரன்னில் தப்பித்தது. "பயந்து ஓடிட்டான்" என்பது தீர்ப்பு.

இவர் கோர்ட்டில் விடுதலையானவர் டெண்டுல்கர் ஒருவர்தான். 2006 செப்டம்பரில் கின்ராரா ஓவலுக்கு வந்து 148 பந்தில் 141 நாட் அவுட். இந்தியா 309. மழை வந்து கணக்கை மாற்ற, வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்தது. அன்றைக்கு நேரில் போய்ப் பார்த்தவர் ஸ்ட்ரைக்ரேட்டார். டிக்கெட்டுக்கு வெள்ளி கொடுத்தவர் அல்லவா? குற்றவாளிக் கூண்டில் மழையை நிறுத்திவிட்டார்.

நியாயமாகச் சொன்னால் அவர் கணக்கில் கொஞ்சம் சத்து இருக்கிறது. டி20யில் மொத்தமே 120 பந்து. ஒருவன் உருட்டித் தின்ற பந்து பின்னால் வருகிறவனுக்குக் கிடைக்காது. ஆனால் பிட்ச் எப்படி, எத்தனை விக்கெட் போயிருக்கிறது, எதிர்முனையில் நிற்பது யார், இதெல்லாம் கால்குலேட்டரில் இல்லை. அந்த இடத்தை அவர் ரிசல்ட்டை வைத்து நிரப்பிக்கொள்கிறார். தோற்றால் சுயநலம், ஜெயித்தால் பொறுப்பு.

பார்படோஸில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று, 2024 ஜூன் 29, அது அப்பட்டமாகத் தெரிந்தது. இந்தியாவுக்கு 34 ரன்னில் மூன்று விக்கெட் போனது. கோலி 48 பந்தில் அரைசதம், கடைசியில் 59 பந்தில் 76. கிளாசன் வெளுத்து, தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 என்று ஆனதும், "எழுதி வச்சிக்கோ, தோத்தா இவன் ஒருத்தன்தான் காரணம்" என்று மேசையைத் தட்டினார். அப்புறம் பும்ரா, பாண்டியா, எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்த கேட்ச். ஏழு ரன்னில் வெற்றி, ஆட்ட நாயகன் கோலி.

விடியற்காலை இரண்டு மணிக்கு ஸ்ட்ரைக்ரேட்டார் எழுந்து நின்றார். "நான் அப்பவே சொல்லல? மூணு போனப்புறம் ஒருத்தன் நின்னுதான் ஆகணும்னு?"

யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் அவரோடு ஒரே தோட்ட டீமில் கோல்கீப்பராக நின்றவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"சுயநலத்தைப் பத்தி நீ பேசாதடா. லெஃப்ட் விங்ல உன் கால்ல பந்து வந்தா திரும்ப எவன் பார்த்தான்? நாலு பேரை வெட்டிட்டுப் போயி அஞ்சாவது ஆள்கிட்ட பறிகொடுத்துட்டு வருவ. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாருக்காச்சும் பாஸ் குடுத்திருப்பியா?"

ஸ்ட்ரைக்ரேட்டார் கிளாஸைத் தூக்கி அடியில் இருந்ததையும் குடித்தார். "குடுத்திருந்தா? நீங்க கோலா போட்டுக் கிழிச்சிருப்பீங்க?"