கீப்பர் இல்லாத பதினொருவர்

"வெங்கட்ராகவனா? அவரு அம்பயர்தானே சார்?"

கேட்டவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். பொன்னேரி நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நிற்க, மணலி புதுநகர் வருவதற்குள் ஷேர் ஆட்டோவில் முழங்காலும் முழங்காலும் இடிக்க மாட்டிக்கொண்டோம். பேச்சு பெட்ரோல் விலை, கொசு, மாப்பிள்ளை சம்பளம் எல்லாம் சுற்றிவிட்டு, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு ஆல் டைம் லெவன். முதல் பெயராக நான் வெங்கட்டைச் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. இறங்கி நடந்தே போயிருப்பேன், இறங்க லாரிகள் இடம் விடவில்லை.

57 டெஸ்ட், 156 விக்கெட். 1975, 1979 என்று முதல் இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவுக்குக் கேப்டன். இத்தனையும் செய்துவிட்டு, பிற்பாடு 73 டெஸ்டுகளில் கோட்டும் தொப்பியுமாக நின்றார். அந்த ஒரு பாவத்துக்கு, மனுஷன் பந்தே போட்டதில்லை என்று ஆகிவிட்டது.

சூப்பர்வைசர் தன் அணியைச் சொன்னார். ஐ.பி.எல். தொடங்கிய 2008க்கு முன்னால் தமிழ்நாட்டில் யாரும் மட்டையைத் தொட்டதில்லை போலிருக்கிறது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'ஆல் டைம்' என்பது அவரவர் பத்து வயதில் தொடங்கி, வேலை கிடைத்த அன்றோடு முடிந்துவிடுகிற காலம். என் பெரியப்பாவுக்கு ஸ்ரீகாந்த்தே 'நேத்து வந்த பையன்'தான். லார்ட்ஸில் உலகக் கோப்பை ஃபைனலில் அத்தனை பேரிலும் அதிகமாக 38 அடித்த பிறகும், "நின்னு ஆடத் தெரியலியே" என்பார்.

என் அணியைச் சொல்லத் தொடங்கினால் இப்படித்தான். அஸ்வின், வெங்கட் இருவருக்கும் இடம் உறுதி. வெங்கட்டும் ஸ்ரீகாந்த்தும் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி, அஸ்வின் ஐ.டி. படித்தவர். மேட்ச் தோற்றாலும் எங்கள் ரோட்டுக்கு ஒரு மேம்பாலமாவது கட்டித் தரச் சொல்லலாம். ஓப்பனிங்குக்கு ஸ்ரீகாந்த்துடன் முரளி விஜய். அவர் பெயரில் 12 டெஸ்ட் சதம் இருக்கிறது. உடனே பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர், கோவாவுக்கு எதிராக டபிள்யூ.வி. ராமன் அடித்த 313ஐ நீட்டுவார். அதே இன்னிங்ஸில் அர்ஜன் கிருபால் சிங்கும் 302 அடித்திருக்கிறார், அப்படியானால் அது பிட்சா, தார் ரோடா என்று நான் கேட்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு இடம் நிரப்புவதற்குள் ஒரு சிநேகம் போகும்.

இதில் ஒரு சின்ன விஷயம். நாம் யாரும் ஜெயிக்கிற அணியைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. வயிற்றெரிச்சலைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். யாரைச் சொன்னாலும் அடுத்த வாக்கியம், "பாவம், சான்ஸே குடுக்கல." சரி, அப்படியே ஆகட்டும் என்று வயிற்றெரிச்சல் லெவன் ஒன்று போட்டுப் பார்த்தேன். இரண்டு டெஸ்டுக்கு மேல் ஆடியவனுக்கு அதில் இடமில்லை.

ஓப்பனிங்குக்கு இடது கை வி. சிவராமகிருஷ்ணன், கூடவே இன்னொரு இடது கை அப்துல் ஜப்பார். இருவரும் ரஞ்சியில் ரன்னாகக் குவித்தார்கள், இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. மூன்றாவது டி.இ. சீனிவாசன். ஆஸ்திரேலியாவில் போய் இறங்கியதும், டி.இ. வந்துவிட்டான் என்று லில்லியிடம் சொல்லி வைக்கச் சொன்னாராம். லில்லிக்குத் தகவல் போனதோ என்னவோ, தேர்வுக் குழுவுக்குப் போகவில்லை. 1981 ஆக்லாந்தில் ஒரே டெஸ்ட், அத்தோடு சரி. நான்காவது பத்ரிநாத். முதல்தர கிரிக்கெட்டில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் அடித்தவர், 2010 நாக்பூரில் முதல் டெஸ்டில் அரை சதமும் போட்டார். மொத்தம் இரண்டு டெஸ்ட். ஐந்தாவது ராபின் சிங், 136 ஒருநாள் போட்டிகளுக்கு ஒரு டெஸ்ட். டிரினிடாடிலிருந்து ஒருவர் சேப்பாக்கம் வந்து சேர முடிகிறது. மணலி புதுநகரிலிருந்து பஸ் மாறி மாறிப் போவதற்குள் எனக்கு டீ இடைவேளை வந்துவிடுகிறது.

ஆறாவது ஏ.ஜி. ராம் சிங். 1934இல் சேப்பாக்கத்தில் மைசூருடன் நடந்த முதல் ரஞ்சி மேட்ச்சில் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். காலையில் ஆரம்பித்த மேட்ச் அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. அவர் பிள்ளைகள் இருவர் டெஸ்ட் ஆடினார்கள், அவர் ஆடவில்லை. ஏழாவது எம்.ஜே. கோபாலன், அந்த மேட்ச்சில் முதல் பந்தைப் போட்டவர். இவருடைய கதையைப் படித்தால் சோறு இறங்காது. ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து டூரா என்று வந்தபோது டூருக்குப் போனார். ஹாக்கி அணி தங்கத்தோடு வந்தது. இவருக்கு அங்கே ஒரு டெஸ்ட் கூடக் கொடுக்கவில்லை.

எட்டாவது எஸ். வாசுதேவன், 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கேப்டன். இந்தியத் தொப்பி வரவில்லை. ஒன்பதாவது வி.வி. குமார். 1961இல் டெல்லியில், பாகிஸ்தானுடன் ஆடிய முதல் டெஸ்டிலேயே 5 விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர். அடுத்து ஒரு டெஸ்ட், பிறகு போய் வா என்றுவிட்டார்கள். பத்தாவது டி.ஏ. சேகர், மெட்ராஸில் இப்படி ஒரு வேகமா என்று வாயைப் பிளந்தோம், அதற்கும் இரண்டு டெஸ்ட்தான். பதினொன்றாவது சின்னப்பம்பட்டி நடராஜன், 2021 பிரிஸ்பேனில் ஆடியது ஒன்று.

எண்ணிப் பார்த்தால் பதினொன்று. கீப்பர் இல்லை. பரத் ரெட்டியைப் போடலாம் என்றால் அவர் 4 டெஸ்ட் ஆடிவிட்டார், கொடுத்து வைத்தவர். இந்த அணியில் சேர்த்தால் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் தெருவில் ஆடுவதுபோல் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஸ்டம்ப் கிழித்துவிட்டால் கீப்பர் தேவையில்லை. வி.வி. குமார் பந்துக்கு ஸ்டம்பிங் கிடைக்காது, அவ்வளவுதானே. அவருக்குக் கிடைக்காதது ஒன்றிரண்டா?

இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் சொல்லி முடித்தபோது வண்டி ஒரு லாரி நீளம் நகர்ந்திருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், ஆப்போசிட் டீம் யாரு?" என்றார்.

இது கேட்கக் கூடாத கேள்வி. எதிரணி என்றால் பம்பாய்தான். கவாஸ்கர், மெர்ச்சன்ட், டெண்டுல்கர், வெங்சர்க்கார், உம்ரிகர், ரோஹித் என்று வரிசையாக இறங்குவார்கள். ரஞ்சிக் கோப்பை அவர்களிடம் 42, நம்மிடம் 1954-55இல் ஒன்று, வாசுதேவன் கொண்டுவந்தது ஒன்று. மழை பெய்து மேட்ச் டிரா ஆனால்தான் உண்டு. ஐப்பசியில் வைத்தால் மழை நிச்சயம், ஆனால் எங்கள் பக்கம் கொசஸ்தலை ஆறு வீட்டுக்குள் வந்துவிடும், மேட்ச் பார்க்க டிவி மிஞ்சாது. மழை வந்தாலும் என்ன, ரஞ்சி நாக் அவுட்டில் டிரா என்றால் முதல் இன்னிங்ஸ் லீட் எடுத்தவன் ஜெயித்தவன். லீட் எடுப்பதில் பம்பாய்க்காரனை மிஞ்ச ஆளில்லை.