சர்வதேசத்துக்கு ஒரு ஸலாம்

மட்டக்களப்பு சர்வதேச விமான நிலையம் அவர்களுக்கு,

கல்முனையிலிருந்து எழுதுகிறோம். தாங்கள் 'சர்வதேச' ஆனது 2018 மார்ச்சில். அதற்குப் பிறகும் எங்கள் பொடியன்மார் கட்டாருக்கும் சவூதிக்கும் போகையில் மட்டக்களப்பால்தான் போகிறார்கள். ஏறுவதற்கல்ல, தாண்டுவதற்கு.

டிக்கெட்டில் கொழும்பு–தோஹா 5 மணித்தியாலம் என்று போடுகிறார்கள். தூரம் ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ரோட்டால் 350 கிலோமீற்றர் வரும். அதற்கு 8 மணித்தியாலம், அதுவும் ஹபரணைக் காட்டில் யானை வழிவிட்டால். காகத்திடம் கேட்டால் 220 கூட இல்லை என்னும். காகத்துக்கு விசா வேண்டாம்.

பயணக்காரன் ஒருவன்தான், வேனில் ஏறுவது உம்மா, வாப்பா, ராத்தா, மச்சான், மச்சானின் கூட்டாளி, மடியில் இரண்டு பிள்ளைகள். புறப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் தங்கள் ஊர் வந்துவிடும். "இதுவும் எயார்போட்தானே வாப்பா?" என்று சின்னது கேட்கும். வாப்பா தூங்குவதுபோல் இருந்துவிடுவார். பிறகு பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல். தொழுகைக்கு எங்கோ ஒரு பள்ளியில் இறங்கும்போதே எல்லோரும் முஸாபிர்கள், பயணிகள்; தொழுகையைச் சுருக்கும் கஸ்ர் சட்டம் வந்துவிடும். விமானத்தை இன்னும் கண்ணால் காணவில்லை.

நியாயமும் பேச வேண்டும். தங்கள் ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். வளைகுடாவுக்குப் பறக்கும் பெரிய ஜெட் அதில் இறங்க முடியாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பலாலி விமான நிலையத்தின் ஓடுபாதையும் பெரிதாக நீண்டதல்ல. அதைச் சர்வதேச நிலையமாக 2019இல் திறந்தார்கள், சென்னையிலிருந்து ஏடிஆர் வந்து இறங்கியது. தங்களிடமிருந்து திருச்சி ஆகாயத்தால் ஏறத்தாழ 470 கிலோமீற்றர், ஏடிஆருக்கு ஒன்றேகால் மணித்தியால வேலை. கண் ஒப்பரேஷனுக்குத் தமிழ்நாடு போகிற மூத்தம்மா, வேனிலேயே இடுப்பையும் சேர்த்து முறிக்கத் தேவையில்லை.

மத்தளை விமான நிலையத்தைக் காட்டி ஆறுதல் சொல்லாதீர்கள். அங்கே ஓடுபாதை நீளம், பயணிகள் குட்டை. என்றாலும் 2015இல் அதன் சரக்குக் களஞ்சியத்தில் நெல்லாவது இறங்கியது. தங்களுக்கும் நெல் வேண்டுமானால் சொல்லுங்கள், எங்கள் வட்டைகளில் தாராளம்.

அதுவரைக்கும் ஒரு யோசனை. 'சர்வதேச' என்ற பலகையைச் சும்மா வெயிலில் காய விடாமல் கல்முனை பஸ் நிலையத்துக்கு இரவல் தாருங்கள். கட்டார், குவைத், டுபாய், உம்ரா என்று இரவுக்கிரவு வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றி அனுப்புவது அதுதான். ஓடுபாதை நீட்டும் செலவுமில்லை. கழிப்பறையை மட்டும் கொஞ்சம் பார்த்தால் போதும்.

பதில் எழுதுவதென்றால் சாதாரணத் தபாலில் போடுங்கள். விமானத் தபால் வேண்டாம். அது கட்டுநாயக்கா போய்த்தான் வரும்.

இப்படிக்கு,
கல்முனையிலிருந்து ஒரு முஸாபிர்