கோப்பைக்கு யார் பணம்?

2020 பிப்ரவரியில் வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானத்தை அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். ராகுல் டிராவிட்டும் வந்திருந்தார். பின்னாலேயே டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்களும் வந்தன. பாக்கும் மரவள்ளியும் விளைகிற வட்டாரத்தில் விளையாட்டும் ஒரு வெள்ளாமைதான் என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

உறைத்தவர்களில் ஒருவர், தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் பி.டி. சார். கபடிப் போட்டி நோட்டீசின் புரூஃபோடு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பாக்கு மண்டி பாய். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் சில வருடம் ஓதிவிட்டு, அப்பா காலமானதும் மண்டிக்கு வந்தவர். வரவு செலவும் ஃபிக்ஹ் என்னும் இஸ்லாமியச் சட்டமும் அவருக்கு ஒரே நோட்டில்தான்.

“பாருங்க பாய். 40 டீம். டீமுக்கு 1,500 ரூபா நுழைவுக் கட்டணம். முதல் பரிசு 25,000, ரெண்டாவது 15,000. கல்லூரிக்குக் கைக்காசு ஒரு பைசா போகல.”

“60,000 வசூல், 40,000 பரிசு. எல்லாரும் போட்டதை ரெண்டு டீம் அள்ளிட்டுப் போகுது. மிச்சம் உங்களுக்கு. இதுக்கு எங்க கிதாபுல கிமார்னு பேருங்க சார். சூது.”

“கபடி சூதா? நான் என்ன சீட்டுக்கட்டா போட்டேன்?”

பாய் தன் சரக்காக எதையும் சொல்லவில்லை. கூஃபாவின் அபூ ஹனீஃபா (இறப்பு 767), மதீனாவின் மாலிக் (795), மாலிக்கிடமும் அபூ ஹனீஃபாவின் மாணவர் ஷைபானீயிடமும் பாடம் கேட்டுவிட்டு இரு தரப்போடும் மல்லுக்கு நின்ற ஷாஃபி (820) என எல்லாருமே பந்தயப் பணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஷாஃபி குறி தப்பாத வில்லாளி என்பார்கள். பந்தயத்துக்கும் அம்பெய்தலுக்கும் சட்டநூலில் தனி அத்தியாயம் வகுத்த முதல் ஆள் அவர்தான் என்று அவருடைய மாணவர் முஸனீ சொன்னதாகவும் வழங்குகிறது. ஒட்டகம், குதிரை, அம்பு, இந்த மூன்றில்தான் பந்தயப் பணம் என்பது நபிமொழி. அதை எதுவரை நீட்டலாம் என்பதில்தான் வழக்கு.

“ஓட்டப் பந்தயத்துக்குப் பணம் வைக்கலாமா? எங்களை மாதிரி ராவுத்தருங்க ஹனஃபி, அபூ ஹனீஃபா வழி. எங்க மத்ஹபுல, அதாவது எங்க சட்ட மரபுல, வைக்கலாம். காயல்பட்டினத்துக்காரங்க ஷாஃபி; அங்க கூடாதுங்கறதுதான் வலுவான கருத்து.”

“கபடிக்கு?”

“அன்னிக்கு பாக்தாதுல வாழப்பாடிக்காரர் யாரும் இல்லீங்களே. மல்யுத்தத்துப் பக்கம் இழுத்து வாதாடிக்கலாம். ஆட்டம் எதுவா இருந்தாலும், பணம் யாருதுன்னுதான் முதல்ல கேப்பாங்க. வெளியாள் குடுத்தா சரி. ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் ‘நீ ஜெயிச்சா நான் தர்றேன்’னாலும் சரி. ரெண்டு பேரும் போட்டு, ஜெயிச்சவன் எடுத்துக்கிட்டா சூது.”

“தப்பிக்க வழியே இல்லையா?”

“இருக்கு. முஹல்லில்னு மூணாவது குதிரைக்காரன். அவன் காசு போட மாட்டான். ஜெயிச்சா மொத்தமும் அவனுக்கு, தோத்தா நட்டமில்ல. அப்படி ஒருத்தன் நடுவுல வந்தா ஆகும்னு நிறையப் பேர் சொன்னாங்க. மாலிக் தரப்பு அதையும் ஒத்துக்கல.”

பி.டி. சார் முகம் மலர்ந்தது. “காசு போடாம மொத்தமும் எடுத்துக்கிறவரா? எங்க தாளாளர் இருக்காரே!”

“அவரும் ஓடணும் சார். அவர் குதிரை மத்த ரெண்டுக்கும் ஈடா இருக்கணும். தோத்துப்போற வாய்ப்பும் இருக்கணும். பொன்னாடை போர்த்திக்கிட்டு மேடையில உட்கார்ந்தா கணக்குல சேராது.”

டீ வந்தது. பி.டி. சார் சட்டத்தை எடுத்தார். “1996-ல கே.ஆர். லட்சுமணன் வழக்குல, குதிரைப் பந்தயம் திறமை, சூதாட்டம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. கிண்டியில கட்டாத பணமா?”

“அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்குதான். ஆனா கிண்டியில பணம் கட்டினவன் குதிரையில ஏறலீங்களே. எங்க ஆளுங்க கேலரிக்காரனை உள்ளயே விடல.”

கொஞ்ச நேரம் யோசித்தார் சார். “சரி, நுழைவுக் கட்டணத்தை எடுத்துடறேன். ‘மைதானப் பராமரிப்பு நன்கொடை’ 1,500 ரூபா. பரிசு, கல்லூரி குடுக்குது. இப்ப?”

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். “நீங்க கூஃபாவுல பொறந்திருக்கணும் சார்!”

சட்டத்தை மீறாமலே அதன் பக்கவாட்டில் நழுவும் இந்த வித்தைக்கு ஹீலா என்று பெயர். ஷைபானீ பெயரில் இதற்கென்றே ஒரு நூல் வழங்குகிறது. நபிமொழிகளைத் தொகுத்த புகாரியோ தம் தொகுப்பில் தனிப் பகுதி ஒதுக்கி இதைச் சாடினார். அந்த ஹீலா நூலை யாராவது தமிழில் கொண்டுவந்தால், சுயநிதிக் கல்லூரி தாளாளர்களை நம்பியே நாலு பதிப்பு போடலாம்.

“அது கிடக்கட்டும். உங்க டீமுக்கு ரெய்டு போற பையனுக்கு என்ன குடுக்கறீங்க?”

“ஃபீஸ் இல்ல. ஹாஸ்டல், சாப்பாடு இலவசம். முட்டை தனி. அவன் படத்தை ஆத்தூர் வரைக்கும் ஃப்ளெக்ஸ் வெச்சோம். அந்த வருஷம் அட்மிஷன் ரொம்பிடுச்சு!”

“அதுல அவனுக்குப் பங்கு?”

“பங்கா? அவன் ஸ்டூடன்ட்டுங்க பாய்!”

இந்தப் பதிலுக்குக் காப்புரிமை அமெரிக்காவிடம் இருக்கிறது. 1955-ல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற கல்லூரி வீரர் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி இழப்பீடு கேட்டார். கல்லூரி ஒன்றும் ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை என்று 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அதன்பின் தொலைக்காட்சிப் பணம் கொட்டியது, பயிற்சியாளர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், ஓடியவர்களுக்கு உதவித்தொகைதான். 2021-ல் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக நின்றார்கள். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசத்தில், முந்தைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் என்று முடிவானது. கல்லூரிகளும் முதல் ஆண்டில் தலா 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம்.

பாய் இதைச் சொல்லி முடித்ததும் பி.டி. சார் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “பாய், இந்த அமெரிக்கா சமாச்சாரம் நமக்குள்ளேயே இருக்கட்டும். பசங்க ஃபோன்ல கண்டதையும் படிக்கிறாங்க.”

“உங்க ரெய்டர் படிச்சிட்டான் சார். நேத்து மண்டிக்கு வந்து, 2.05 கோடி டாலர் நம்ம பணத்துல எவ்வளவுன்னு கேட்டான். 170 கோடிக்கு மேல வரும்னேன்.”

“என்ன சொன்னான்?”

“‘அதுல முட்டையும் சேர்த்தீங்களா?’ன்னான்.”