பேனல் பரிபாலகர்

எங்கோ தூரதேசத்து டேட்டா சென்டரில் வாடகைக்குப் பிடித்த ஒரு சர்வரைத் தம் வீட்டு மாடியறையிலிருந்தே சீபேனல் மூலம் நிர்வகித்து, ஊரிலுள்ள ஜவுளிக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இணையதளம் நடத்திக் கொடுக்கும் மனிதரைப் போலத் தமது அதிகாரத்தில் பரிபூரண திருப்தி கொண்டவரை நான் கண்டதில்லை. வாடிக்கையாளர்களெல்லாம் 2083 என்ற வாசலோடு நின்றுவிட, இவர் மட்டும் 2087 வழியாக டபிள்யூ.எச்.எம். என்னும் கர்ப்பக்கிருகத்துக்குள் பிரவேசிப்பார். ஒவ்வொரு சேவைக்கும் எதிரே பச்சைக்குறி தெரிந்துவிட்டால் அன்றைய பூஜை முடிந்தது. பேனலுக்கு அடியில் லினக்ஸ் என்றொரு வஸ்து இருப்பதாக அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கறுப்புத் திரையில் பொத்தான் கிடையாது.

தளத்தில் படம் ஏறவில்லை என்று யாராவது முறையிட்டால், காரணகாரியம் விசாரிப்பது அவர் சுபாவமன்று. கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 என்ற சாஸ்திரத்தையெல்லாம் புறக்கணித்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற 777-ஐ அநாயாசமாக வழங்கிவிடுவார். இந்தத் தாராளத்தைச் சகியாமல் சர்வர் 500 என்ற பிழையைக் காட்டினால் (பல சர்வர்கள் காட்டத்தான் செய்யும்), பி.எச்.பி. வெர்ஷனை மாற்றும் பொத்தானுக்கு நகர்வார். 2019-இல் சீபேனல் லைசென்ஸ் கட்டணம் கணக்குகளின் எண்ணிக்கைப்படி என்று ஆனதிலிருந்து, பாக்கி வைத்தவர்களின் தளங்களை டெர்மினேட் செய்வதிலும் இவருக்கு அபார உற்சாகம்.

ஒருநாள் காலை ஜவுளிக்கடை முதலாளி போன் செய்தார்.

“தம்பி, நம்ம கடை வெப்சைட் திறக்கவே மாட்டேங்குதே?”

“எனக்கு நல்லாத்தானே திறக்குது, அண்ணாச்சி! உங்க பிரவுசர்ல கேஷ் கிளியர் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன். மெயிலும் வரலை தம்பி.”

“அப்ப டி.என்.எஸ். அப்டேட் ஆகணும். 24 மணி நேரம் பொறுங்க அண்ணாச்சி.”

டி.என்.எஸ்.ஸை அன்று யாரும் தொடவேயில்லை. தொட்டிருந்தாலும், பேனல் வழக்கமாக வைக்கும் டி.டி.எல். என்னும் காலக்கெடு 14400 விநாடி, அதாவது 4 மணி நேரம்; மீதி 20 மணி நேரம் இவருடைய சொந்தக் கையிருப்பு. கேஷ் கிளியர் செய்ய வேண்டியிருந்ததும் இவருடைய பிரவுசரில்தான். முந்தின நாள் பக்கம் அங்கேதான் தங்கியிருந்தது. நடந்தது என்னவென்றால், நள்ளிரவுதோறும் முழு பேக்கப் எடுக்கும்படி ஆக்ஞையிட்டு, அவை பத்திரமாக இருக்கட்டுமென்று அதே சர்வரின் அதே டிஸ்க்கிலேயே அவர் சேர்த்துவந்தபடியால், டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத இடமின்றி நின்றுபோய், வந்த மெயில்களும் இறங்க இடமின்றித் தவித்தன. பதற்றத்தில் பாஸ்வேர்டைத் தப்புத்தப்பாக அடிக்க, அவர் நிறுவிய ஃபயர்வால் அவருடைய ஐ.பி.யையே தடுத்துவிட, கடைசியில் டேட்டா சென்டருக்கு டிக்கெட் போட்டார். அவர்கள் பழைய பேக்கப்புகளை அழித்ததும் தளம் திறந்தது.

“பார்த்தீங்களா அண்ணாச்சி, டி.என்.எஸ். அப்டேட் ஆயிடுச்சு!”

இவரிடம் தளம் வைத்திருக்கும் அன்பர்கள், இன்றைக்கே சீபேனலின் பேக்கப் பகுதிக்குப் போய், ஒரு பிரதியைத் தங்கள் சொந்தக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்வார்களாக.