பொமரேனியனும் பக்கும்: காவிரிப் படுகைக் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பாய்வு

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் யானைக்கு கஜ சாஸ்திரமும் குதிரைக்கு அசுவ சாஸ்திரமும் அச்சிட்டு வைத்திருக்கிறது. யானையின் மதத்தையும் குதிரையின் சுழியையும் முன்னோர்கள் ஓலையில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நமக்கோ இன்று யானை வாங்கும் உத்தேசம் இல்லை. குதிரை கட்ட இடமும் இல்லை. மருத்துவக் கல்லூரிச் சாலையில் இரண்டு படுக்கையறை வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பம், பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல், பொமரேனியன் வாங்குவதா பக் வாங்குவதா என்று திகைத்து நிற்கும்போது புரட்டிப் பார்க்க ஓர் ஏடு கிடையாது. அந்தப் பெருங்குறையைப் போக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஆய்வின் எல்லை கல்லணைக்குக் கிழக்கே, வேதாரண்யத்துக்கு மேற்கே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்கள் ஆய்வில் சேரவில்லை. அவை தமிழ்நாட்டின் பெருமை என்பதில் ஆய்வாளருக்கு ஐயமே இல்லை. ஆனால் அவற்றுக்கு ஓடக் காடு வேண்டும். இங்கே இருப்பது பால்கனி. டாஷுண்ட் இனமும் விலக்கப்பட்டது. காரணம், எதிர்வீட்டுக்காரர் அதைத்தான் வளர்க்கிறார். அவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர்.

பூர்வீக விசாரணை

சம்பந்தம் பேசுமுன் பூர்வீகம் விசாரிப்பது நம் வழக்கம். பக்கின் பூர்வீகம் சீனா. அங்கே அரண்மனை மடிகளில் வளர்ந்து, பிறகு ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, ஹாலந்தின் ஆரஞ்சு அரச வம்சத்துக்குச் செல்லப்பிள்ளை ஆனது. இந்த டச்சுக்காரர்கள்தாம் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை ஆண்டவர்கள். அந்த நூற்றிருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் ஏதாவது ஒரு டச்சு அதிகாரியின் மனைவி கையில் ஏந்தி ஒரு பக் நாகைத் துறைமுகத்தில் இறங்கியதா? இறங்கியதற்குச் சான்று இல்லை. இறங்காததற்கும் சான்று இல்லை. ஆய்வுலகில் இதைவிட உறுதியான அடித்தளத்தை எதிர்பார்ப்பது பேராசை.

பொமரேனியனின் ஊர் பால்டிக் கடலோரம் உள்ள பொமரேனியா. இன்று ஜெர்மனிக்கும் போலந்துக்குமாகப் பிரிந்து கிடக்கிறது. இந்த இனத்துக்குத் தஞ்சாவூரோடு உள்ள உறவை இதுவரை யாரும் கவனிக்காமல் விட்டது வியப்பு. இரண்டாம் சரபோஜிக்கு ஆசானாகவும் காவலராகவும் இருந்த பாதிரியார் சுவார்ட்ஸ் 1726-இல் பிறந்த சோனன்பர்க், நியூமார்க் என்ற பகுதியைச் சேர்ந்தது. நியூமார்க்குக்கு வடக்கே எல்லை பொமரேனியா. ஆக, சுவார்ட்ஸ் ஐயர் பொமரேனியனுக்குப் பக்கத்து ஊர்க்காரர். இது போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: தஞ்சை ஜில்லாவில் இதைவிடத் தூரத்து உறவைச் சொல்லிக்கொண்டு கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பொமரேனியனைச் சின்னதாக்கிய பெருமை விக்டோரியா மகாராணிக்கு உரியது. 1888-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் மார்கோ என்ற சிறிய நாயைப் பார்த்து மயங்கி வாங்கினார். அதன் பிறகு சின்ன உருவமே மோஸ்தர் ஆனது. இன்றைய விதிப்படி அசல் பொமரேனியன் ஏறக்குறைய ஒன்றரை முதல் மூன்றேகால் கிலோவுக்குள் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஆய்வு ஒரு பேரதிர்ச்சியைச் சந்திக்கிறது. அய்யம்பேட்டை அத்தை வீட்டில், கும்பகோணம் சித்தப்பா வீட்டில், மன்னார்குடி வக்கீல் வீட்டில் என்று நாம் சிறு வயதிலிருந்து பார்த்துவரும் அந்த வெள்ளை நாய்களில் ஒன்றுகூட மூன்று கிலோவில் அடங்காது. தராசில் ஏற்றினால் ஆறு, ஏழு என்று காட்டும். காரணம், அவை பொமரேனியனே அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இங்கு வந்த ஸ்பிட்ஸ் நாய்கள் நம் வெயிலிலும் தயிர்சாதத்திலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற தனி இனமாகிவிட்டன. 1994-இல் இந்திப்படம் ஒன்றில் கிரிக்கெட் அம்பயராக இருந்து தீர்ப்புச் சொல்லி நாடெங்கும் புகழ்பெற்ற டஃபி நாயும் இந்த இனம்தான். எனவே இந்தக் கட்டுரையில் இனி பொமரேனியன் என்று வரும் இடமெல்லாம் ஸ்பிட்ஸ் என்றே கொள்க. தலைப்பை மாற்றவில்லை, அத்தை கோபித்துக்கொள்வார்.

பக்கை நம் வீதிகளுக்குக் கொண்டுவந்தது சீனாவும் அல்ல, ஹாலந்தும் அல்ல. 2003-இல் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்னாலேயே போனது. அவ்வளவுதான். சிக்னல் கிடைக்காத ஊர்களில்கூட பக் கிடைக்கத் தொடங்கியது.

மூச்சு

ஆய்வின் மையம் இந்த இயல். மற்றவற்றை அவசரக்காரர்கள் விட்டுவிடலாம்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்குகிறது. மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் உள்ள ஈரம் ஆவியாகும்போது அங்கே ஓடும் ரத்தம் குளிர்கிறது. இந்த ஏற்பாடு சரியாக நடக்க, மூக்கு நீளமாக இருக்க வேண்டும். காற்று காய்ந்திருக்க வேண்டும். முதலாவது பக்குக்கு இல்லை. இரண்டாவது டெல்டாவுக்கு இல்லை.

பக்கின் முக எலும்பு பல தலைமுறைகளாகச் சுருக்கப்பட்டது. உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பச் சுருங்க மறந்துவிட்டது. மேலண்ணத்தின் பின்பகுதி தொண்டையில் தொங்கி வழியை மறிக்கிறது. மூக்குத் துவாரமோ கீறல் அளவு. லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி 2022-இல் வெளியிட்ட ஆய்வு, பக்குக்கு இந்த மூச்சடைப்புக் கோளாறு வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட ஏறத்தாழ 54 மடங்கு என்றது. எந்த நாட்டு அரண்மனை இதை மடியில் வைத்துக் கொஞ்சியதோ, அதே நெதர்லாந்து, மூக்கின் நீளம் மண்டையோட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாய்களை இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று கெடுபிடி செய்கிறது. நம் தமிழ்நாடு அரசும் 2024-இல் ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டு, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை, பிறவிக் கோளாறு உள்ளவை என்று 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றோடு பக்கும் அதில் இருந்தது. பட்டியல் வந்த கையோடு நாய் வளர்ப்போரின் எதிர்ப்பும் வந்தது என்பதையும் நடுநிலை கருதிப் பதிவு செய்கிறேன்.

இந்த இயலுக்கான களப்பணி பாபநாசம் மச்சான் வீட்டில், கத்திரி வெயிலில், மின்சாரம் போயிருந்த பிற்பகலில் நடந்தது. கூடத்தில் ஒரு குறட்டை. மச்சான் எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்த அத்தை தயங்கி நின்று, “ஏம்ப்பா, மாப்பிள்ளை தூங்குறாரா? அப்புறம் வர்றேன்” என்றார். “மாப்பிள்ளை நான்தான் அத்தை, தூங்குறது அது” என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தோம். செல்போனில் படமும் பிடித்தோம். அந்தக் குறட்டை வேடிக்கை இல்லை, காற்று போக வழியில்லாமல் எழும் சத்தம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

ஸ்பிட்ஸுக்கும் வெயில் ஆகாது. ஆனால் மூக்கு இருக்கிறது, சமாளிக்கிறது. அதன் ரோமத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. சித்திரை பிறந்ததும், வைத்தீஸ்வரன்கோயிலில் பிள்ளைக்கு முடி இறக்குவதுபோல, இதற்கும் மொட்டை போட்டுவிடுகிறார்கள். ஸ்பிட்ஸின் ரோமம் இரண்டு அடுக்கு. அது வெயிலையும் தோலுக்கு எட்டவிடாமல் தடுக்கிறது; வழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி முளைப்பதே இல்லை. சீப்பால் வாரி உதிரும் முடியை எடுத்தால் போதும். நடக்க அழைத்துப் போவதென்றால் விடியலில் புது ஆற்றங்கரையோரம் போகலாம். பதினோரு மணித் தார்ச்சாலையில் நீங்கள் செருப்பில்லாமல் நடந்து பார்த்துவிட்டு நாயைக் கூப்பிடுங்கள்.

சத்தம்

ஸ்பிட்ஸ் குரைக்கும். பால்காரருக்குக் குரைக்கும், கீரைக்கார அம்மாவுக்குக் குரைக்கும், மார்கழி பஜனைக்கும் சதயவிழா மேளத்துக்கும் குரைக்கும். யாரும் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று குரைக்கும். பக் அநேகமாகக் குரைக்காது. திருடன் வந்தால் வரவேற்று, அவன் மடியில் ஏறப் பார்க்கும். பக் இருக்கும் வீட்டு வாசலிலும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை தொங்குகிறது. நாய்களைப் பார்த்து ஜாக்கிரதையாக வளர்க்கவும் என்று வீட்டுக்காரருக்கே எழுதியதாக அதைக் கொள்ளலாம்.

உணவு

பாட்டிமார் இருக்கும் வீட்டில் நாயின் உணவு பற்றி விஞ்ஞானம் பேசிப் பயனில்லை. இருந்தாலும் பேசுகிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். எனவே சின்ன வெங்காயச் சாம்பார் ஊற்றிய சோறு கூடாது. திராட்சை, உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். ஆகவே பாயசமும் இல்லை. பாயசம் இல்லையென்றால் திருவையாறு அசோகா தரலாமே என்று ஒரு பாட்டி கேட்டார். பயத்தம்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பண்டத்தைப் பக் வேண்டாம் என்று சொல்லாது; பக் எதையுமே வேண்டாம் என்று சொன்னதாகப் பதிவு இல்லை. எளிதில் பெருக்கும் உடம்பு, ஏற்கெனவே குறுகிய மூச்சு. நெய் ஏற ஏற மூச்சு இறங்கும்.

எலி

இரண்டும் பிடிக்காது. வயல் எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது. மூங்கிலால் செய்தது, ஊசி போட வேண்டியதில்லை, குரைப்பதும் இல்லை.

சேறு

ஆனால் எலிக்கும் நாய்க்கும் வேறொரு கணக்கு உண்டு. சம்பா நட்டு, ஐப்பசி மழை பிடித்து, தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரா கிருமி நாய்க்கும் தொற்றும், மனிதனுக்கும் தொற்றும். நாம் எலிக்காய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். பார்வோ, டிஸ்டம்பர் ஆகியவற்றோடு இதற்கும் சேர்த்துத் தடுப்பூசி கிடைக்கிறது. வெள்ளை ஸ்பிட்ஸ் வண்டல் சேற்றில் இறங்கினால் வேறு இனமாகத் திரும்பி வரும். குளிப்பாட்டித் துவட்ட ஓர் ஆள் முழுநேரமாக வேண்டும். ஈர ரோமத்துக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும், உண்ணிக் காய்ச்சல் வரும். பக்குக்கு ரோமம் குட்டை. ஆனால் முகத்து மடிப்புகளுக்குள் ஈரம் தங்கிப் புண்ணாகும். தினமும் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இந்தத் துறையில் இரண்டுக்கும் சம மதிப்பெண், இரண்டும் தேர்ச்சி இல்லை.

வைத்தியத்துக்குக் கவலை வேண்டாம். மனிதருக்கும் விலங்குக்கும் மருந்து செய்யத் தன்வந்திரி மகாலை நிறுவிய சரபோஜியின் ஊர் இது. அவர் முக்தாம்பாள் பெயரில் சத்திரம் கட்டிய ஒரத்தநாட்டில்தான் இன்று கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

உம்பளச்சேரிச் சான்று

சின்ன இனம் வளர்ப்பது டெல்டாவுக்குப் புதிதல்ல. உம்பளச்சேரி மாட்டைப் பாருங்கள். குட்டைக் கால், அடக்கமான உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கன்று சிவப்பாகப் பிறந்து சில மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அதன் குட்டை உடம்புக்குக் காரணம் இருந்தது: முழங்கால் சேற்றில் உழ வேண்டும், உப்பு மண்ணில் முளைத்த புல்லைத் தின்று வாழ வேண்டும். பல தலைமுறை விவசாயிகள் அந்தச் சேற்றைப் பார்த்து அந்த மாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கின் முகம் எந்தச் சேற்றுக்காகவும் குட்டையாகவில்லை. பார்ப்பவருக்குக் குழந்தை ஞாபகம் வர வேண்டும் என்பதற்காகக் குட்டையானது. மூக்கை விலையாகக் கொடுத்து வாங்கிய அழகு அது. ஸ்பிட்ஸை இங்கே யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை என்றாலும், நம் வெயில் தாங்கியவை தங்கின, தாங்காதவை போயின. அந்த வகையில் அது உம்பளச்சேரிக்குத் தம்பி முறை.

தீர்ப்பு

ஸ்பிட்ஸ். குரைப்பதை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்துச் சரிக்கட்டுங்கள்.

ஏற்கெனவே பக் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதை யார் தலையிலும் கட்ட வேண்டாம். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப்பட்டை போடுங்கள், பாட்டியின் கையைப் பிடியுங்கள், பகலில் மின்விசிறிக்குக் கீழே படுக்க விடுங்கள், அதைக் குட்டி போட வைக்காதீர்கள்.

புதிதாக வாங்குபவர்கள் எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்க வேண்டாம். தாய் நாயையும் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். தடுப்பூசி அட்டையில் இனம் என்ற இடத்தில் பொமரேனியன் என்று எழுதுவார்கள். இந்தியன் ஸ்பிட்ஸ் என்று திருத்தி வாங்குங்கள்.