ஒட்டாத தவாவுக்கு ஒரு வாழ்த்து

இரும்புத் தோசைக்கல்லின் பெருங்குறை, அது லேசில் தேயாது என்பதுதான். பாட்டி வாங்கியது பேத்திக்கும் உழைத்தால் பாத்திரக்கடைக்காரர் பிழைப்பது எப்படி? இந்த அநீதியைத் துடைக்கவே, 1938-ல் அமெரிக்காவில் குளிர்பதன வாயு தேடிய ராய் பிளங்கெட்டின் கையில் தற்செயலாக டெஃப்லான் சிக்கியது போலும். அதைப் பூசிய தவாவில் எதுவும் ஒட்டாது. சில வருடங்கள் போனால் பூச்சே தவாவில் ஒட்டாது. கொள்கையில் இவ்வளவு உறுதி யாருக்கு வரும்? சூடு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதைந்து புகையும், அந்தப் புகையில் கூண்டுக்கிளி செத்துப்போகும் என்று சிலர் குறைபடுகிறார்கள். காலித் தவாவை அடுப்பில் ஏற்றிவிட்டு சீரியல் பார்ப்பவருக்கு வேறு யார் எச்சரிக்கை மணி தருகிறார்கள்? கிளிதான் கொஞ்சம் கூடுதல் செலவு.

பராமரிப்பும் எளிது. இரும்புக் கரண்டி ஆகாது, கம்பி நார் ஆகாது, பெருந்தீ ஆகாது, சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுக்கும்போது நடுவே துணி விரிக்க வேண்டும். தலைதீபாவளி மாப்பிள்ளைக்கும் கிடைக்காத உபசாரம்! இத்தனை எதற்கு என்பது சோம்பேறிகளின் கேள்வி. விதிகளை நேர்மையாகப் பின்பற்றினால் கிடைக்கும் முடிவு ஒன்றே: அதில் சமைக்காமல் இருப்பது. அப்படியானால் தோசை? ஓட்டலிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். அங்கே பெருந்தீயில் காயும் கனத்த இரும்புக்கல்லில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் பெருக்கி, முறுகலாக வார்த்துத் தருகிறார்கள். வீட்டுத் தவாவோ கீறலின்றிப் பளபளக்கும். விலைச்சீட்டைக்கூடப் பிய்க்க வேண்டியதில்லை.