ஹீட்டருக்கே குளிரா?

கேள்வி: ஜப்பானில் பாவித்த பிளக்-இன் ஹைபிரிட் கார் ஒன்று வாங்கினேன். மார்கழிப் பனியில் ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுத்தான் வருகிறது. கராஜ்காரரோ, "இலங்கையில் ஹீட்டர் எதற்கு?" என்கிறார்.
- ஒரு வாசகர், ஹுன்னஸ்கிரிய

பதில்: அவரை ஒருநாள் விடியற்காலையில் நக்கிள்ஸ் பக்கம் கூட்டிப்போங்கள், கேள்வியை வாபஸ் வாங்கிவிடுவார்.

சாதாரணக் காரில் என்ஜின் வீணாக்கும் சூடுதான் ஹீட்டர். உங்கள் காரில் பற்றரி தீரும்வரை என்ஜின் பெரும்பாலும் தூங்குகிறது. மஹியங்கனைக்குப் பதினெட்டு வளைவில் இறங்கும்போது சூடு எங்கிருந்து வரும்? முதல் தலைமுறை பிரியஸ் பிளக்-இன்னில் சூடு வேண்டுமென்றால் என்ஜின் எழும்பியே ஆகவேண்டும். 2017இல் வந்த அடுத்ததில் ஹீட் பம்ப் உண்டு. அவுட்லாண்டரில் சில ரகங்களுக்கு மின்ஹீட்டரே கிடையாது. இல்லாத சாமானையா திருத்தப் போகிறோம் என்று முதலில் பாருங்கள்.

பிறகு திறந்த வெளியில் என்ஜினைக் கொஞ்சநேரம் ஓடவிடுங்கள். அப்போது மட்டும் சூடு வந்தால், மின்ஹீட்டரோ ஹீட் பம்போ உள்ள கார் என்றால் கோளாறு அதில் இருக்கலாம். ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். செம்மஞ்சள் வயரில் மட்டும் கைவைக்காதீர்கள், அது உயர்அழுத்த மின்சாரம். அப்போதும் குளிர்தானா? என்ஜின் ஆறியபின் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கலாம். பீலித் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். அளவு சரியென்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட்டில். டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று கேட்டால் காற்றைத் திருப்பும் கதவின் மோட்டாரில்.

கண்ணாடியில் பனி படிவதுதான் தொல்லை என்றால் ஏசியைப் போடுங்கள், ஈரத்தை இழுத்துவிடும். குளிரில் ஏசியா என்று பக்கத்து சீற்றிலிருந்து வரும் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.